‘அவளுக்கு’ என்னும் ஒரு சொல்: விவிலியத்தில் கருவும் கருச்சிதைவும்

கருக்கலைப்பு அறமா, அறப்பிழையா என்னும் வினாவிற்குக் கிறித்தவ மரபு விவிலியத்தைச் சான்றாகக் காட்டி விடையிறுக்கின்றது. எதிர்ப்போரும் விவிலியத்தையே காட்டுவர்; ஒருசில நிலைகளில் ஏற்போரும் அதனையே காட்டுவர். இரு சாராரும் எடுத்துக்காட்டும் பகுதிகளின் எண்ணிக்கை மிகக் குறைவு. யாத்திராகமத்தின் ஒரு சட்டம், ஒரு சங்கீதம், எரேமியாவின் அழைப்பு, லூக்கா நற்செய்தியின் ஒரு காட்சி, எண்ணாகமத்தின் ஒரு சடங்கு ஆகியவற்றோடு பட்டியல் பெரும்பாலும் முடிந்துவிடும். இப்பகுதிகள் உண்மையில் எதைச் சொல்லுகின்றன, மொழிபெயர்ப்பில் எதைச் சொல்லத் தொடங்கின என்பவை இறையியலார்க்கு மட்டும் உரிய வினாக்கள் அல்ல. உரைவேறுபாடும் பாடவேறுபாடும் பொருளை எவ்வளவு தொலைவு நகர்த்தும் என்பதைத் தம் மரபிலேயே கண்டு பழகிய தமிழ் ஆய்வாளர்க்கும் அவை உரியன.

தொடக்கத்திலேயே ஒன்றைக் கூறுதல் வேண்டும். தாயே விரும்பிச் செய்துகொள்ளும் கருக்கலைப்பைப் பற்றி விவிலியத்தில் நேரான சட்டம் ஒன்றும் இல்லை. கருக்கலைப்பை மிகக் கடுமையாகக் கண்டித்த திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுலின் ‘எவாஞ்செலியும் வீத்தே’ என்னும் 1995ஆம் ஆண்டுச் சுற்றுமடலே இதனை ஒப்புக்கொள்ளுகின்றது. விவிலியம் நேராகக் கண்டிக்கவில்லை என்று கூறிவிட்டு, தாயின் வயிற்றிலுள்ள உயிருக்கு அது காட்டும் மதிப்பிலிருந்தே கண்டனத்தை அது வருவிக்கின்றது. அவ்வகையில் அம்மடல், அதனை ஆதாரமாகக் கொள்ளும் பல சிறு வெளியீடுகளைவிட நேர்மையானது.

இம்மௌனத்தை அறியாமையால் விளைந்தது எனக் கொள்ளுதல் இயலாது. இசுரவேலின் அண்டை நாட்டார்க்கு இப்பொருள் பற்றிச் சட்டம் இருந்தது. கருவைத் தானே கலைத்துக்கொண்ட பெண்ணைக் கழுவேற்ற வேண்டும், அவளைப் புதைக்கவும் கூடாது என்று இடைக்கால அசீரியச் சட்டத் தொகுப்பின் முதற்பலகை விதிக்கின்றது. தோராவில் இத்தகைய விதி காணப்படவில்லை. ஆயின் மௌனம் இரு பக்கமும் இழுக்கும். பிறநூலில் முடிந்ததைத் தானும் உடன்படுதல் தமிழ் இலக்கணநூலார் கூறும் உத்திகளுள் ஒன்று. சொல்லாமை உடன்பாட்டையும் குறிக்கலாம், மறுப்பையும் குறிக்கலாம். எனவே மௌனத்தின்மேல் கட்டடம் எழுப்புவோர் எப்பக்கத்தவராயினும் மணலின்மேல் எழுப்புகின்றனர்.

யாத்திராகமச் சட்டம்

யாத்திராகமம் (விடுதலைப்பயணம்) 21ஆம் அதிகாரம் 22 முதல் 25 வரையிலான வசனங்களே இவ்விவாதத்தின் மையம். ஆடவர் தம்முள் சண்டையிடுகையில் அருகிலிருந்த கருவுற்ற பெண்மேல் அடிபட்டு விடுகின்றது. அவளுடைய பிள்ளைகள் ‘வெளியே வருகின்றன’. கேடு ஏதும் நேரவில்லையாயின் அடித்தவன் தண்டப்பணம் செலுத்தவேண்டும். கேடு நேர்ந்ததாயின் உயிருக்கு உயிர், கண்ணுக்குக் கண் என்னும் நெறிப்படி ஈடுசெய்யவேண்டும். எபிரேய மூலத்தின் செய்தி இவ்வளவே.

இதில் இரண்டு இடங்கள் இருள்கின்றன. முதலாவது, ‘வெளியே வருதல்’ என்னும் வினை. யாத்சா என்னும் இவ்வினை பொதுவாகப் பிறப்பைக் குறிப்பது. கருச்சிதைவைக் குறிக்கும் தனிவினை எபிரேயத்தில் உண்டு. யாத்திராகமம் 23ஆம் அதிகாரத்திலேயே அது வருகின்றது. ஆகவே இங்கே பேசப்படுவது குறைப்பேறு, அதாவது உயிருடன் முன்கூட்டியே பிறத்தல் என்பர் ஒரு சாரார். மறுசாரார் எண்ணாகமம் 12ஆம் அதிகாரத்தைக் காட்டுவர். அங்கே செத்துப்பிறந்த பிள்ளை தாயின் வயிற்றினின்று வருவதற்கும் இதே வினையே ஆளப்பட்டுள்ளது. எனவே வினையை மட்டும் கொண்டு முடிவுகட்ட முடியாது.

இரண்டாவது இடமே முதன்மையானது. ‘கேடு’ என்று பொருள்படும் ஆசோன் என்னும் சொல் எபிரேய விவிலியம் முழுவதிலும் ஐந்தே இடங்களில் வருகின்றது. மூன்று இடங்கள் ஆதியாகமத்தில் உள்ளன. பென்யமீனுக்கு வழியில் ஏதேனும் நேர்ந்துவிடுமோ என்று யாக்கோபு அஞ்சும் இடங்கள் அவை. எஞ்சிய இரண்டும் இச்சட்டத்தில் உள்ளன. கேடு யாருக்கு என்று மூலம் கூறவில்லை. தாய்க்கா, பிள்ளைக்கா, இருவருள் எவருக்கேனுமா? எபிரேயத் தொடரில் நான்காம் வேற்றுமைப் பெயர் ஒன்றும் இல்லை.

தமிழில் அது உண்டு. என்றி போவர் குழுவினரின் 1871ஆம் ஆண்டு மொழிபெயர்ப்பை அடியொற்றி இன்றும் பெருவழக்காக உள்ள ‘பழைய மொழிபெயர்ப்பு’, கர்ப்பம் விழுந்துபோதல் என்னும் வழக்கை ஆண்டு முதல் ஐயத்தை நீக்குகின்றது. ‘அவளுக்கு’, ‘வேறே’ என்னும் இரு சொற்களைச் சேர்த்து இரண்டாவது ஐயத்தையும் நீக்குகின்றது. கருவிழுதல் ஒரு சேதம், அதற்குத் தண்டப்பணம். அதற்கு மேற்பட்ட சேதம் என்பது தாய்க்கு நேர்வது. அதற்கே உயிருக்கு உயிர். தமிழ்ப் பாடத்தைப் படிப்பவர்க்கு வேறு பொருள் கொள்ள இடமே இல்லை. தாயின் உயிரும் கருவின் உயிரும் சட்டத்தின் முன் ஒரே எடையுடையன அல்ல என்பது இப்பாடத்தின் தவிர்க்கவியலாத பொருள். தமிழ்ச் சபைகளில் கருக்கலைப்பைக் கொலையென்று உரைக்கும் போதகர் பலரின் கையில் உள்ள நூல் இதுவே என்பது எண்ணத்தக்கது.

‘அவளுக்கு’ எங்கிருந்து வந்தது? 1611ஆம் ஆண்டு ஆங்கில அரசாணைப் பதிப்பு மூலத்தின் இருளை இருளாகவே விட்டுவைத்துள்ளது. கேடு யாருக்கு என்று அது கூறவில்லை. எரோனிமுவின் இலத்தீன் பாடம் அவள் உயிர் பிழைத்தால் என்று விரித்துரைக்கின்றது. மார்ட்டின் லூத்தரின் செருமானியப் பாடத்தில் ‘அவளுக்கு’ என்னும் வேற்றுமைப் பெயர் வெளிப்படையாகவே உள்ளது. தரங்கம்பாடியில் தமிழ் விவிலியப் பணியைத் தொடங்கிய சீகன்பால்குவும், பின்னர்ப் பழைய ஏற்பாட்டைத் தமிழில் செம்மையுற அமைத்த பப்ரிசியுசும் லூத்தரின் விவிலியத்தில் வளர்ந்த செருமானியர். போவர் குழுவினர் பப்ரிசியுசின் பாடத்தைப் பெரிதும் தழுவியவர்கள். இச்சிறு சொல் விட்டன்பர்க்கிலிருந்து தரங்கம்பாடி வழியாகத் தமிழுக்கு வந்தது எனக் கருத இடமுண்டு. மொழிபெயர்ப்பாளர் எவரும் கருக்கலைப்பு விவாதத்தை மனத்திற்கொண்டு அதனைச் சேர்த்திருக்கமாட்டார். பொருள் விளங்கவேண்டும் என்று சேர்க்கும் உரையாசிரியரின் இயல்பான கைவேலையே இது.

சட்டத்தின் சூழலும் இப்பொருளுக்கே துணைநிற்கின்றது. அமுராபியின் சட்டத் தொகுப்பில் இதே நிகழ்வு வருகின்றது. உயர்குடிப் பெண்ணை அடித்துக் கருவிழச் செய்தவன் பத்து சேக்கல் வெள்ளி தரவேண்டும், பொதுமக்களுள் ஒருத்தியாயின் ஐந்து, அடிமையாயின் இரண்டு. உயர்குடிப் பெண் இறந்துவிட்டாலோ அடித்தவனின் மகள் கொல்லப்படுவாள். கருவுக்குப் பணம், தாய்க்கு உயிர் என்னும் பாகுபாடு மேற்காசியச் சட்ட மரபின் பொதுச்சொத்து. தோரா அதிலிருந்து விலகும் இடம் வேறு: குற்றம் செய்யாத மகளைக் கொல்லும் விதியை அது ஏற்கவில்லை. விவாதிப்போர் இவ்வேறுபாட்டைப் பெரும்பாலும் கண்டுகொள்வதில்லை.

கருவும் உருவும்

கிறித்துவுக்கு முற்பட்ட மூன்றாம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவில் தோரா கிரேக்கமானபோது இச்சட்டம் முற்றிலும் வேறாயிற்று. எழுபதின்மர் பெயர்ப்பில் ‘கேடு’ என்னும் சொல்லே மறைந்தது. வெளிவந்த பிள்ளை உருப்பெறாததாயின் தண்டம். உருப்பெற்றதாயின் உயிருக்கு உயிர். தாய்க்கும் கருவுக்கும் இடையே இருந்த பாகுபாடு, உருவறாக் கருவுக்கும் உருவுற்ற கருவுக்கும் இடைப்பட்டதாக மாறிவிட்டது. அங்கே ஆளப்பட்ட கிரேக்கச் சொல் ‘சாயல்’ என்று பொருள்படும் எய்க்கோன் என்பதன் அடியாகப் பிறந்தது. மனிதன் கடவுளின் சாயலில் படைக்கப்பட்டான் என்னும் ஆதியாகமச் செய்தியில் கிரேக்கப் பாடம் ஆளும் சொல்லும் அதுவே. எனவே கிரேக்கம் அறிந்த யூதரும் கிறித்தவரும் இச்சட்டத்தைப் படைப்பு நிகழ்ச்சியோடு சேர்த்துப் படிக்க வழி பிறந்தது. தமிழில் இப்பாகுபாட்டைச் சொல்ல நீண்ட விளக்கம் வேண்டியதில்லை. கரு, உரு என்னும் இரு சொற்களே போதும்.

ஒரு மொழிபெயர்ப்பின் இவ்விலகல் ஏறத்தாழ ஈராயிரம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத்தை நடத்தியது என்று கூறினும் மிகையாகாது. அகுஸ்தீன் யாத்திராகமத்திற்கு வரைந்த வினாவிடையில் கிரேக்க வழிப்பட்ட இலத்தீன் பாடத்தையே எடுத்துக்கொண்டு, உருப்பெறாத கருவின் அழிவைக் கொலையாகக் கருத இயலாது என்னும் நிலையை ஆராய்கின்றார். ஆயினும் அச்செயலை அவர் பாவமன்று என்று கூறவில்லை. செசரையா நகர்ப் பசிலியு தம் மடலில், உருப்பெற்றது பெறாதது என்னும் நுண்ணாய்வு தமக்கு வேண்டுவதில்லை என்று தள்ளுகின்றார். அங்கீரா சங்கம் 314இல் கருவழித்த பெண்களுக்குப் பத்தாண்டு நோன்பு விதித்தது. அதற்குமுன் சாகும்வரை விலக்கப்பட்டிருந்தமையின் இது தளர்த்தலாகவே கூறப்பட்டது. அக்குவினாத் தோமா அரிசுட்டாட்டிலின் நாட்கணக்கைத் தழுவினார். திருத்தந்தை ஐந்தாம் சிக்சுது 1588இல் இப்பாகுபாட்டை நீக்கி எல்லா நிலையிலும் கொலைத் தண்டனை என்றார். பதினான்காம் கிரகோரி 1591இல் பாகுபாட்டை மீட்டார். ஒன்பதாம் பத்திநாதர் 1869இல் திருச்சபையினின்று விலக்கும் தண்டனைக்குரிய விதியிலிருந்து அதனை மீண்டும் அகற்றினார். கண்டனம் தொடர்ச்சியானது; கண்டனத்தின் காரணம் தொடர்ச்சியானதன்று. திருச்சபையின் போதனை என்றும் மாறியதில்லை என்று கூறுவோரும் மாறிக்கொண்டேயிருந்தது என்று கூறுவோரும் ஆளுக்கொரு பாதியையே காண்கின்றனர்.

கருக்கலைப்பைப் பெயர் சுட்டி விலக்கும் மிகப்பழைய கிறித்தவ நூல்கள் திதகே என்னும் ‘பன்னிரு திருத்தூதர் போதனை’யும் பர்னபா மடலும் ஆகும். இரண்டும் திருமுறைக்குப் புறம்பானவை. எனினும் உரோமைப் பேரரசில் சிசுக்களைத் தெருவில் எறிதல் வழக்காயிருந்த சூழலில், அவ்வழக்கோடு சேர்த்துக் கருக்கலைப்பையும் விலக்கியமை அச்சிறு சமூகத்தைப் பிறரினின்று பிரித்துக்காட்டிய அடையாளமாயிற்று. கிறித்தவ எதிர்ப்பின் உண்மையான வேர் இங்கேதான் உள்ளது. அதனை யாத்திராகமத்தில் தேடுவோர் தவறான இடத்தில் தோண்டுகின்றனர்.

சங்கீதம் 139

சட்டத்தில் தேடியது கிட்டாதபோது விவாதம் கவிதைக்கு நகர்கின்றது. 139ஆம் சங்கீதம் இன்று கருக்கலைப்பு எதிர்ப்பு வெளியீடுகளின் முகப்பில் நிற்கின்றது. ஆனால் பாடலின் பொருள் கருவன்று; ஒளிந்துகொள்ள இயலாமை. வானத்திற்கு ஏறினும், பாதாளத்தில் படுக்கையிட்டாலும், கடலின் கடைசிக்குப் போயினும், இருளில் மறைந்தாலும் இறைவனின் பார்வைக்குத் தப்ப முடியாது என்று அடுக்கிவரும் பாடல், இறுதியாக இருளினும் இருளான ஓரிடத்திற்கு வருகின்றது. அதுவே தாயின் வயிறு. அங்கும் அவர் கண்டிருந்தார். கருப்பை இங்கே ஒளிவிடங்களின் வரிசையில் கடைசி ஒளிவிடமாக வருகின்றது. அதே மூச்சில் அது பூமியின் தாழ்விடம் எனவும் கூறப்படுதல், உடற்கூற்றுச் செய்தியைப் பாடல் தரவில்லை என்பதைத் தெளிவாக்கும்.

இதன் 13ஆம் வசனத்தில் தமிழ்ப் பெயர்ப்புகள் இரண்டும் பிரிகின்றன. எபிரேய வினை மூடுதல், நெய்தல் என்னும் இரு பொருளுக்கும் இடந்தருவது. பழைய மொழிபெயர்ப்பு மூடுதலைக் கொண்டு, வயிற்றில் ‘காப்பாற்றுதல்’ என ஆக்கியது. 1995இல் வெளிவந்த பொது மொழிபெயர்ப்பான திருவிவிலியம் நெய்தலைக் கொண்டு ‘உருக்கொடுத்தல்’ என்றது. காப்பாற்றப்படுவது முன்னரே உள்ள ஒன்று. உருக்கொடுக்கப்படுவது ஆகிக்கொண்டிருக்கும் ஒன்று. கருவில் இருப்பது ‘நான்’ தானா, ‘நான்’ ஆகப்போவதா என்னும் இற்றை வினாவிற்கு இரு பெயர்ப்புகளும் தம்மையறியாமல் இருவேறு விடை தந்துள்ளன. நெய்தலே பாடலுக்குப் பொருந்துவது. அடுத்து வரும் 15ஆம் வசனத்தின் வினை பூத்தையலைக் குறிப்பது. நெய்த துணியில்தான் பூத்தையல் இடமுடியும். 16ஆம் வசனத்தில் பழைய மொழிபெயர்ப்பு ‘கரு’ என்று குறிக்கும் கோலெம் என்னும் சொல் எபிரேய விவிலியத்தில் இவ்வோரிடத்தில் மட்டுமே வருவது. வடிவுறாப் பொருள் என்பது அதன் கருத்து.

பாடலாசிரியர் பின்னோக்கிப் பார்க்கின்றார். வளர்ந்து நின்ற ஒருவர் தம் தொடக்கத்தை நினைந்து வியக்கும் குரல் இது. அவ்வியப்பிலிருந்து கருவுக்கு மதிப்பைக் கற்றுக்கொள்ளலாம். ஒரு குற்றவியல் விதியைக் கறந்தெடுக்க முடியாது. எடுக்கலாம் எனின் எரேமியாவை என்செய்வது? வயிற்றில் உருவாகுமுன்னரே இறைவன் தம்மை அறிந்திருந்ததாக முதலதிகாரம் கூறும் அதே எரேமியா, இருபதாம் அதிகாரத்தில் தம் பிறந்தநாளைச் சபிக்கின்றார்; தாயின் வயிற்றிலேயே தம்மைக் கொன்றுவிடாதவன்மீது சீறுகின்றார்; தாயே தமக்குக் கல்லறையாகியிருக்கலாகாதா என்கின்றார். முதலதிகாரத்தைக் கருவியல் உண்மையாகக் கொள்வோர் இருபதாம் அதிகாரத்தைப் புலம்பல் என்று விலக்குவர். இரண்டும் ஒரே வாயில் பிறந்தவை. முதலது அழைப்பின் மொழி, இரண்டாவது அழைப்பு தாங்கவியலாச் சுமையானபோது எழுந்த மொழி. இவ்வளவு பெரிய அவலக் கவிதையைச் சான்றுப் பட்டியலிலிருந்து விட்டுவிடுதல் எரேமியாவுக்கே இழைக்கும் அநீதி.

லூக்காவைப் பற்றிச் சுருங்கக் கூறலாம். எலிசபெத்தின் வயிற்றில் துள்ளியதற்கும், முன்னணையில் கிடத்தப்பட்டதற்கும் கிரேக்கத்தில் ஒரே சொல். பழைய மொழிபெயர்ப்பும் ஈரிடத்தும் ‘பிள்ளை’ என்றே கூறும். இதனால் பிறவாததும் பிறந்ததும் ஒன்றே என வாதிடப்படுகின்றது. தமிழில் இவ்வாதம் வலுவிழக்கும். கருவுற்றவளைப் ‘பிள்ளைத்தாய்ச்சி’ என்னும் மக்களே தென்னங்கன்றைத் தென்னம்பிள்ளை என்கின்றனர். தொல்காப்பிய மரபியலும் பிள்ளையை இளமைப்பெயர் ஒன்பதனுள் ஒன்றாக வைக்கின்றது. சொல்லொருமை பொருளொருமைக்கு அளவையாகாது.

எதிர்ப்பக்கத்தாரின் சான்றும் இவ்வாறே நோக்கத்தக்கது. எண்ணாகமம் 5ஆம் அதிகாரத்தில், கணவனால் ஐயுறப்பட்ட மனைவிக்குக் கசப்பான நீர் புகட்டும் சடங்கைச் சிலர் கடவுள் கட்டளையிட்ட கருக்கலைப்பு என்பர். 2011ஆம் ஆண்டு ஆங்கில ‘நியூ இண்டர்நேசனல்’ பதிப்பு அங்கே கருச்சிதைவு என்னும் பொருளையே தந்துள்ளது. தமிழ்ப் பழைய மொழிபெயர்ப்பு வயிறு வீங்குதல், இடுப்புச் சூம்புதல் என்று மூலத்தின் சொற்களோடு நிற்கின்றது. அப்பெண் கருவுற்றிருந்தாள் என்று அதிகாரம் எங்கும் கூறவில்லை. இச்சடங்கு எவருக்கும் உரிமை வழங்கவில்லை. அங்கே பெண்ணின் உடல் கணவனின் ஐயத்திற்குக் களமாக்கப்பட்டுள்ளது. உரிமைக்காக வாதிடுவோர் இதனைத் துணைக்கழைத்தல் பொருந்தாது.

பாடம் மாறிய காலம்

அமெரிக்கத் தென்மாநில பாப்திசுத் திருச்சபைகளின் மாநாடு 1971இல், வன்புணர்ச்சி, கருவின் கடுங்குறைபாடு, தாயின் உடல்மன நலக்கேடு முதலிய நிலைகளில் கருக்கலைப்பை ஏற்கும் சட்டம் வேண்டும் எனத் தீர்மானித்தது. 1980இல் அதே மாநாடு எதிர்நிலையை எடுத்தது. இடைப்பட்ட காலத்தில், 1973இல், அந்நாட்டு உச்சநீதிமன்றத்தின் ரோ எதிர் வேடு தீர்ப்பு வெளிவந்திருந்தது. அது 2022இல் நீக்கப்பட்டது. விவிலியப் பாடமும் அசையாதிருக்கவில்லை. ‘நியூ அமெரிக்கன் ஸ்டாண்டர்டு’ பதிப்பு 1977இல் யாத்திராகமச் சட்டத்திற்குக் கருச்சிதைவு என்று பொருள் கொண்டது. 1995இல் குறைப்பேறு என்று மாற்றியது. எபிரேயச் சுவடி ஒன்றும் புதிதாகக் கிடைத்திராமல் பாடம் மாறியது. மாற்றம் மொழியியல் அடிப்படையில் வாதிடத்தக்கதே. ஆயின் அது நிகழ்ந்த காலம் ஐயத்தை எழுப்பாமலிராது.

இந்தியாவில் மருத்துவமுறைக் கருக்கலைப்புச் சட்டம் 1971இல் இயற்றப்பட்டு 2021இல் திருத்தப்பட்டது. அதன் உருவாக்கத்தில் விவிலியம் பேசப்பட்ட பொருளன்று. ஆனால் இந்தியப் பெண்ணொருத்தியின் சாவில் அது பேசப்பட்டது. கருநாடகத்தைச் சார்ந்த பல்மருத்துவர் சவிதா அலப்பனவர் 2012 அக்டோபரில் அயர்லாந்தின் கால்வே நகரில் பதினேழாம் வாரத்தில் கருச்சிதைவுக்கு உள்ளானார். கரு பிழைக்காது என்று தெரிந்த பின்னும், அதன் இதயத்துடிப்பு நிற்கும்வரை கருக்கலைப்பு மறுக்கப்பட்டது. நச்சுக்குருதியால் அவர் இறந்தார். அந்நாட்டு அரசியலமைப்பின் 1983ஆம் ஆண்டு எட்டாம் திருத்தம் தாயின் உயிருரிமையும் கருவின் உயிருரிமையும் சமம் என்றிருந்தது. 2018இல் மக்கள் வாக்கெடுப்பில் அது நீக்கப்பட்டது. கேடு யாருக்கு என்று மூலம் கூறாது விட்ட வினா, அங்கே ஓர் அறையில் சில நாட்கள் விடையின்றி நின்றது. யூத மரபு அவ்வினாவை அவ்வாறு நிற்கவிடவில்லை: கடும்பேற்றில் தாயின் உயிருக்கு ஊறு நேருமாயின் வயிற்றிலுள்ளதை வெட்டியும் எடுக்கலாம், அவள் உயிரே முந்தியது, பெரும்பகுதி வெளிவந்துவிட்டால் தொடலாகாது என்று மிசுனாவின் ஓகலோத் பகுதி எல்லை வகுத்துள்ளது.

தமிழ் மரபில் ஆலத்தூர்கிழாரின் புறநானூற்று 34ஆம் பாடல், மகளிரின் கருவைச் சிதைத்தலைப் பெரும்பாவங்களுள் வைக்கின்றது. எனினும் அதற்கும் கழுவாய் உண்டு, நன்றி மறத்தலுக்கே இல்லை என்கின்றது. அங்கே வருவது சிதைத்தல் என்னும் பிறவினை. ஒருவர் பிறர்க்கு இழைக்கும் கொடுமை. யாத்திராகமத்திலும் அடிப்பவன் பிறன். இன்றைய தமிழ் கருச்சிதைவு, கருக்கலைப்பு என்று தானாக நேர்வதையும் செய்யப்படுவதையும் பிரித்து வழங்குகின்றது. பழைய மொழிபெயர்ப்பின் ‘விழுதல்’ தன்வினை. யாத்திராகமச் சட்டத்தைக் கருக்கலைப்புக்குச் சான்றாக மேடையில் எடுக்கும்போது, அடித்தவனின் இடத்தில் அடிபட்டவள் நிறுத்தப்படுகின்றாள். தண்டம் பெறவேண்டிய குடும்பத்தின் பெண் தண்டனைக்குரியவளாகின்றாள். இந்த இடமாற்றத்திற்கு எபிரேயத்திலோ கிரேக்கத்திலோ இலத்தீனிலோ தமிழிலோ ஒரு சொல்லும் ஆதாரமாக இல்லை.